எழுத வராத பிள்ளை சோம்பேறி அல்ல: கையெழுத்திலும் தட்டச்சிலும் சிரமப்படும் மாணவர்களுக்கு நாம் செய்ய வேண்டியவை

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மக்தப் விட்டு வருகிறான் பிள்ளை. ஹோம்வொர்க் நோட்டை விரிக்கிறான். வாயால் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறான். எழுதச் சொன்னால் பத்து வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கோடு தாண்டுகிறது, எழுத்து பெரிதும் சிறிதுமாகக் கிறுக்கலாகிறது, நடுவில் கையை உதறிக்கொள்கிறான். துறைமுகத்தில் ஷிப்ட் முடித்துக் களைத்து வந்த வாப்பா நோட்டைப் பார்க்கிறார். 'வேணும்னே பண்றான்' என்று ஒரு அறை விழுகிறது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் மக்கள் வாழும் எந்தத் தெருவிலும் இது புதிதல்ல. இப்படிப்பட்ட பிள்ளை எட்டாம் வகுப்பு வரை எப்படியோ தள்ளப்பட்டு, பத்தாம் வகுப்பில் தேறாமல் நின்று, குடோனிலோ ஒர்க்ஷாப்பிலோ கன்டெய்னர் லாரியிலோ ஏறிவிடுகிறான். பெண் பிள்ளையாக இருந்தால் 'படிப்பு வரலை' என்று வீட்டோடு நிறுத்திவிடுகிறோம். படிப்பு வரவில்லையா, எழுத மட்டும் வரவில்லையா என்ற கேள்வியை அதுவரை யாருமே கேட்டிருப்பதில்லை.

அந்தக் கேள்வியை நேரத்தோடு கேட்டால் என்ன மாறும், சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது, வீட்டிலும் மக்தபிலும் நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

எழுதுவது இத்தனை கடினமா?

எழுதப் பழகிய நமக்கு அது ஒரே வேலையாகத் தெரிகிறது. உண்மையில் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. என்ன எழுத வேண்டும் என்று யோசிக்க வேண்டும். அதை வாக்கியமாக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துகளை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அந்த எழுத்தின் வடிவத்தை விரல்கள் போட வேண்டும். கோட்டையும் இடைவெளியையும் கண் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாம் நான்காம் வகுப்புக்குள் கை தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அது தானாக ஓடுவதே இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைவது போல வரைகிறார்கள். கவனம் முழுவதும் கையிலேயே போய்விடுவதால் யோசிக்க மிச்சம் இருப்பதில்லை. இதைத்தான் மருத்துவர்கள் 'டிஸ்கிராஃபியா' என்கிறார்கள். எழுத்தில் வரும் கற்றல் குறைபாடு என்று தமிழில் சொல்லலாம். இதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. நல்ல அறிவுள்ள பிள்ளைகளுக்கும் இது இருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். மக்தபில் அரபி வலமிருந்து இடம். சில வீடுகளில் உருதுவும் சேரும். தமிழிலேயே ண, ன, ந என்றும் ல, ள, ழ என்றும் ஒலியில் நெருங்கிய எழுத்துகள் உண்டு. 'கொ' என்று எழுத ஒலியில் பின்னால் வரும் கொம்பை முதலில் போட்டு, பிறகு க, பிறகு கால் போட வேண்டும். அரபியில் ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம். ஆரோக்கியமான பிள்ளை இதையெல்லாம் சமாளித்துவிடும். பல மொழி கற்பதால் இந்தக் குறைபாடு வருவதும் இல்லை. ஆனால் ஏற்கெனவே சிரமப்படும் பிள்ளைக்கு ஒரே நாளில் மூன்று எழுத்து முறைகளில் இம்போசிஷன் என்பது பெரும் பாரம்.

எப்படிக் கண்டுகொள்வது?

முக்கியமான அடையாளம் ஒன்றுதான்: வாய்க்கும் கைக்கும் உள்ள இடைவெளி. கேட்டால் சொல்லும் பிள்ளை, எழுதினால் பாதிகூட வருவதில்லை. அதோடு பென்சிலை முஷ்டியாகப் பிடிப்பது, தாள் கிழியும் அளவுக்கு அழுத்துவது, சில வரிகளிலேயே கை வலிக்கிறது என்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எப்போதும் கடைசி ஆளாக இருப்பது, சொற்களுக்கு நடுவே இடம் விடாதது, எழுத்துகளை விட்டுவிடுவது ஆகியவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவதும், செருப்பு வார் மாட்டுவதும், பந்து பிடிப்பதும் சேர்ந்து சிரமமாக இருந்தால் அது கை, உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் உள்ள சிக்கலாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் எளிதில் வராது.

முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பலகை தெரியாததால் பின்தங்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஒரு கண்ணாடி போதும், பிரச்சினை தீர்ந்துவிடும்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உண்பதும் பருகுவதும் வலக்கையால் என்பது நபிவழி. அதை அன்போடு பழக்குவோம். ஆனால் பிறவியிலேயே இடக்கை ஓடும் பிள்ளையின் பென்சிலையும் பிடுங்கி வலக்கையில் திணிப்பதால், நல்ல கையெழுத்து வர வேண்டிய பிள்ளைக்கு நாமே சிரமத்தை உண்டாக்குகிறோம். எழுதுவதற்கும் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக விரித்தது. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' அதில் ஒன்று. வாசிப்பில் வரும் டிஸ்லெக்ஸியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா ஆகியவற்றோடு டிஸ்கிராஃபியாவும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு போன்ற மாற்றங்களைச் செய்து தரும்படி அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொல்கிறது.

இந்தச் சட்டத்தின் பலம் நீதிமன்றத்தில் தெரிந்தது. விகாஷ் குமார் என்ற தேர்வரின் வழக்கு அது. அவர் மருத்துவப் பட்டதாரி. எழுதத் தொடங்கினால் கை இறுகிக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' என்ற நரம்புப் பாதிப்பு அவருக்கு இருந்தது. 2018ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டார். விதிப்படி தனக்கு அந்த வசதி கிடையாது என்று மத்திய தேர்வாணையம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. 40 சதவீதக் குறைபாடு என்பது இட ஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கான அளவுகோல். எழுத முடியாத ஒருவருக்கு எழுதுபவரை மறுக்க அந்த அளவுகோலைக் காரணம் காட்ட முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இதைத் தொடர்ந்து, 40 சதவீதத்துக்கும் குறைவான பாதிப்பு உள்ள, ஆனால் எழுதுவதில் சிரமம் உள்ள தேர்வர்களுக்கான வழிகாட்டுதலை ஒன்றிய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியிட்டது.

இன்னொரு வழக்கு நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. டிஸ்கிராஃபியா உள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவி 2021இல் நீட் எழுதினார். விதிப்படி அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். தேர்வு மையத்தில் கிடைக்கவில்லை. அவருக்கு நடந்தது அநீதி என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பார்க்கும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. ஆனால் மறுதேர்வு நடத்தச் சொல்லவில்லை. உரிமை தாளில் இருந்தால் மட்டும் போதாது, தேர்வு நாளில் அந்தத் தாள் நம் கையிலும் இருக்க வேண்டும் என்பதே இந்த வழக்கில் நமக்குள்ள பாடம்.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம், பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகைகள் வழங்கிவருகிறது. கற்றல் குறைபாடு உள்ளவர்களும் இதில் அடக்கம். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இதற்கு மருத்துவச் சான்றுடன் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் தேர்வு என்றால் பிப்ரவரியில் ஓடிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்று கையில் இருந்தால் நிம்மதி.

எங்கே போவது?

முதல் படி வகுப்பாசிரியர். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால், உள்ளடக்கிய கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் மூலம் அவர்களை அணுகலாம். 2013இல் தொடங்கிய ஒன்றிய அரசின் சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் கற்றல் குறைபாடும் உண்டு. அந்தக் குழு வரும் நாளில் பிள்ளையைக் காட்டும்படி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

மருத்துவமனை என்றால் வடசென்னைக்கு ஸ்டான்லிதான் பக்கம். அங்கே குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் அடுத்தவை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எண்ணூரிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மை. ஆனால் அது பிள்ளையின் பத்து வருடப் படிப்புக்கான பயணம். தனியார் தொண்டு அமைப்பான மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் நீண்ட காலமாகச் சென்னையில் இந்தப் பிள்ளைகளுக்காகவே வேலை செய்துவருகிறது.

மதிப்பீடு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் கண்ணையும் காதையும் பார்ப்பார். உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை செய்வார். பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தனித்தனியாகச் சோதிப்பார்கள். இதற்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பை 2018ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. அந்த வழிகாட்டுதலின்படி 8 வயதுக்குப் பிறகே சான்று. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சான்று தேடி அலைய வேண்டாம். அந்த வயதில் உதவி மட்டும் போதும்.

'சான்று வாங்கினால் ஊனம் என்று பேர் வந்துவிடும், நாளைக்கு நிக்காஹ் பேசும்போது தடையாகும்' என்று தயங்கும் உம்மாக்கள் உண்டு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் சான்று நம் பெட்டியில் இருக்கும் ஒரு தாள். பள்ளிக்கும் தேர்வுக்கும் தேவைப்படும்போது மட்டும் காட்டுகிறோம். 'பத்தாவது பெயில்' என்ற பெயரோ ஊருக்கே தெரியும், ஆயுளுக்கும் கூட வரும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நூறு முறை எழுதச் சொல்வதை முதலில் நிறுத்துவோம். வலிக்கும் கையை இன்னும் வலிக்க வைத்தால் எழுத்து அழகாகாது, வெறுப்புதான் வளரும். தினமும் பத்து நிமிடம், ஒரு எழுத்துக் குடும்பம், ஐந்து நல்ல எழுத்து என்பது போதும். தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதிப் பழகட்டும். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, துணிக்குக் கிளிப் மாட்டுவது எல்லாமே விரலுக்குப் பலம் தரும். குப்புறப் படுத்து எழுத விடாதீர்கள். சின்ன வீடாக இருந்தாலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் சற்றுச் சாய்ந்த பலகை ஒன்று வைத்து எழுதட்டும். குர்ஆன் ஓத ரெஹால் வைப்பதுபோல இதற்கும் ஓர் உயரம் தேவை. தடிமனான அல்லது முக்கோண வடிவப் பென்சிலும் அகலக் கோடு நோட்டும் உதவும்.

ஆசிரியரிடம் பணிவோடு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பலகையில் இருப்பதை முழுதும் எழுத வைக்காமல், நோட்ஸை ஜெராக்ஸாக ஒட்ட அனுமதி. இரண்டு, சிறு தேர்வுகளில் சில பதில்களை வாயால் கேட்டு மதிப்பெண். அறுபது பிள்ளைகளோடு போராடும் ஆசிரியருக்கும் இது கூடுதல் வேலைதான். நாம் சண்டைக்குப் போகாமல் துணைக்குப் போனால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள்.

தட்டச்சு எல்லோருக்கும் மருந்தா?

'கைதானே எழுதவில்லை, கம்ப்யூட்டரில் அடிக்கட்டும்' என்று நினைப்பது இயல்பு. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைய முடியாத பிள்ளைக்குத் தட்டச்சு பெரிய விடுதலைதான். ஆனால் முறையாகப் பழகாத தட்டச்சு, கையால் எழுதுவதைவிட மெதுவாகவே போகும். மொபைலில் கட்டைவிரலால் வேகமாக அடிப்பது வேறு, பத்து விரலால் அடிப்பது வேறு. ஒன்பது பத்து வயதில் தொடங்கி, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், விசையைப் பார்க்காமல் அடிக்கப் பழக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றாலும், சில நூறு ரூபாய் கீபோர்டை ஓடிஜி கேபிள் மூலம் மொபைலில் இணைத்துவிடலாம்.

தமிழுக்கு 'தமிழ்99' விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கும். க, பிறகு ஒ என்று அடித்தால் 'கொ' தானாக வரும். கொம்பு முன்னால், கால் பின்னால் என்ற குழப்பமே இல்லை. ம இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும். எழுத்தை ஒலியாகப் பிரித்து யோசிக்கவும் இது பழக்குகிறது.

நம் பகுதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பும் பழக்கம் இன்றும் உண்டு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத் தேர்வில் ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். அது வேலைக்கான தேர்வு. சிரமப்படும் பிள்ளையை அந்த வேகத்தோடு ஒப்பிட வேண்டாம். தன் எண்ணம் ஓடும் வேகத்துக்கு விரல் கொஞ்சம் ஈடு கொடுத்தால் போதும்.

விரல்களே ஒத்துழைக்காத பிள்ளைக்குக் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. கூகுள் கீபோர்டில் தமிழைத் தேர்ந்தெடுத்து மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகிறது. பிழை வரும், திருத்த வேண்டும். ஆனால் மனதில் இருப்பது முதன்முறையாகத் தாளுக்கு வந்ததைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். இந்தப் பழக்கம் தேர்வுக்கும் உதவும். ஏனென்றால் எழுதுபவருக்குச் சொல்வது தனியொரு திறமை. எங்கே முற்றுப்புள்ளி, எங்கே புதுப் பத்தி, படத்தில் எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்று வாயால் சொல்லப் பழக வேண்டும். தேர்வறையில் முதன்முறையாகச் சொல்லத் தொடங்கினால் தடுமாறுவார்கள்.

பள்ளிப் படிப்பு நடுவில் நின்றுபோன பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம்.

நம் மார்க்கம் காட்டும் வழி

எழுதுபவரை வைத்துக்கொள்வது குறுக்குவழி அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நம் மார்க்கத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். முதல் வஹியே ஓதுவதையும் எழுதுகோலையும் பேசுகிறது. அந்த வஹியைப் பெற்ற நபி (ஸல்) அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அல்லர். அவர்கள் சொல்ல, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) போன்ற ஸஹாபாக்கள் எழுதினார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதில், சொல்லி எழுதவைக்கவும் இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இயலாதவருக்கு இடம் விட்டுச் சட்டம் வகுப்பது நமக்குப் புதிதல்ல. திக்கித் திணறிச் சிரமத்தோடு குர்ஆன் ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னதை உஸ்தாதுகள் அறிவார்கள். அந்த நற்செய்தியைக் கேட்க வேண்டிய பிள்ளை மக்தபில் பிரம்படி வாங்கக் கூடாது. ஓதுவதில் நன்றாக இருந்து அரபி எழுத்தில் மட்டும் பின்தங்கும் பிள்ளைக்கு, எழுத்து வேலையைக் குறைத்து மனனத்தைக் கூட்டலாம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டுக்கொரு முறை நோட்டுப் புத்தகம் வழங்குகிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதே நாளில், வாயால் சொல்லி எழுதத் திணறும் பிள்ளைகள் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, விண்ணப்பம் நிரப்ப, வாரம் ஒருமுறை உட்கார்ந்து எழுதுபவராகப் பயிற்சி கொடுக்கக் கல்லூரி படிக்கும் இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய கட்டடமோ நிதியோ தேவையில்லை.

எந்திரத்தில் கை மாட்டினால் ஸ்டான்லிக்கு ஓட வேண்டும் என்று இந்தத் தொழிற்பேட்டை மக்கள் எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. எத்தனையோ தொழிலாளர்களின் விரல்களை அது மீட்டுத் தந்திருக்கிறது. பென்சில் பிடிக்கத் திணறும் பிள்ளையின் கையில் ரத்தம் வருவதில்லை. அதனால்தான் நாம் ஓடுவதில்லை.

இன்றிரவு பிள்ளையின் நோட்டைப் பார்ப்பதற்கு முன், பக்கத்தில் உட்கார வைத்து, 'இன்னிக்கு என்ன படிச்சே, சொல்லு' என்று கேளுங்கள். அவன் சொல்வதற்கும் நோட்டில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தூரம் அதிகமாக இருந்தால், நாளைக்கே வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியை எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.